நேர வரிசை: ஆர்டர் பையா, ஜாவா சார்ட்டா?

கடலூர் முதுநகர் துறைமுகத்து மீன் ஏலத்துக்கு ஒரு ஆப் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கூடை எத்தனை மணிக்கு எவ்வளவுக்குப் போனது என்று போனில் பதிகிறார்கள், சிக்னல் இல்லாவிட்டால் பதிவு போனிலேயே கிடந்து அரை மணி கழித்துத்தான் சர்வருக்கு வரும். அதனால் ஐடி (சர்வர் தரும் பதிவு எண்) வரிசையை நேர வரிசை என்று நம்ப முடியாது. சரி, எங்கே அடுக்குவது? டேட்டாபேஸிடமே ஆர்டர் பை என்ற கட்டளையால் கேட்பதா, எடுத்த பிறகு ஜாவா நிரலில் சார்ட் செய்வதா?

என் ஓட்டு ஆர்டர் பைக்குத்தான். நேரத்துக்கு இன்டெக்ஸ் (முன்பே அடுக்கி வைத்த பட்டியல்) இருந்தால் டேட்டாபேஸ் பெரும்பாலும் தனியாக அடுக்கக்கூட வேண்டியதில்லை, அந்த வழியே படித்துக்கொண்டு வந்துவிடும். கடைசி 50 பதிவு போதுமென்றால் ஒரு லிமிட், அதாவது இத்தனை வரி போதும் என்ற வரம்பு. இதையே ஜாவாவில் செய்யப்போனால் அந்த 50க்காக மொத்தத்தையும் இறக்க வேண்டும். ஆர்டர் பை இல்லாமலே இத்தனை நாள் சரியாகத்தானே வந்தது என்பவர்கள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பழைய வரி ஒன்றை அப்டேட் செய்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள், அது வேறெங்காவது போய் உட்கார்ந்திருக்கலாம். ஒரே நொடியில் இரண்டு ஏலம் முடியும், ஆகவே நேரத்துக்கு அடுத்து ஐடியையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கம் பிரித்துக் காட்டும்போது ஒரே கூடை இரண்டு பக்கத்திலும் தலைகாட்டும், இன்னொன்று காணாமல் போகும்.

ஜாவாவில் கம்பேரேட்டர் (எது முந்தியது என்று ஒப்பிடும் விதி) ஒரே வரி வேலை, படிக்கவும் சுலபம். புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகக் கணக்கு வேறொரு டேட்டாபேஸில் இருந்து, இரண்டையும் ஒன்றாக்க வேண்டுமென்றால் இதுதான் சுலபமான வழி. சாவிப்படி அடுக்கி வைக்கும் ட்ரீமேப்பில் நேரத்தைச் சாவியாக வைப்பவர்களைத்தான் புரியவில்லை, ஒரே நேரத்தில் இரண்டு பதிவு வந்தால் பிந்தியது முந்தியதை விழுங்கிவிடும், எரர்கூட வராது.

தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்று எழுத்தாகச் சேமித்திருந்தால் இரண்டு முறையும் வீண். 04-12-2024 வந்து 05-11-2024க்கு முன்னால் நிற்கும். முதலில் டைம்ஸ்டாம்ப் (தேதி-நேரத்துக்கான வகை) ஆக்குங்கள்; ஜாவா 8 முதல் அதற்கு லோக்கல்டேட்டைம் இருக்கிறது.

அப்புறம், ஆர்டர் பையில் ஒழுங்காக வந்ததை ஜாவாவில் கலைப்பதும் நடக்கிறது. படகு வாரியாகப் பிரிக்க ஜாவாவின் குரூப்பிங்பை போட்டால் உள்ளே சாவிகளின் வரிசையைக் காக்காத ஹேஷ்மேப் வருகிறது, ஒவ்வொரு படகின் பதிவுகளும் வரிசையில்தான் இருக்கும், ஆனால் எந்தப் படகு முதலில் என்பது போய்விடும். அங்கே வந்த வரிசையைக் காக்கும் லிங்க்ட்ஹேஷ்மேப் கேளுங்கள். பேரலல் ஸ்ட்ரீம் (பதிவுகளைப் பிரித்து ஒரே சமயத்தில் ஓட்டுவது) என்றால் வரிசை பார்க்காத ஃபார்ஈச் வேண்டாம், வரிசை காக்கும் ஃபார்ஈச்ஆர்டர்ட்.