மகளுக்கு 18 ஆகப்போகிறதா? ஜீவனாம்ச மனு நம்பர் ஆகிவிட்டதா (கோர்ட்டில் வழக்கு எண் விழுந்துவிட்டதா) என்று நீங்களே பாருங்கள்

பிள்ளைக்கான ஜீவனாம்சத்தைக் கூட்டிக் கேட்க வக்கீலிடம் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

என் மகள் யூகேஜி படிக்கும்போது குடும்ப நல நீதிமன்றம் அவளுக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி அவள் அப்பாவுக்கு உத்தரவு போட்டது. அவள் பதினோராம் வகுப்புக்கு வந்தபோது அந்தப் பணம் டியூஷனுக்கும் பஸ்ஸுக்குமே பத்தவில்லை. அவர் சம்பளமோ பல மடங்கு ஏறியிருந்தது. நிலைமை மாறினால் தொகையையும் மாற்றக் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு 127-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் அது 146. ஜீவனாம்சத்துக்கான பழைய 125 இப்போது 144.

தெரிந்தவர் சொல்லி ஒரு வக்கீலிடம் போனோம். 25,000 ரூபாய் கேட்டார். பாதி கையில், பாதி ஜிபேயில் கொடுத்தேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, "நம்ம ஆளும்மா நீங்க, ரசீதெல்லாம் எதுக்கு?" என்றார்.

அப்புறம் எப்போது போன் செய்தாலும் ஒரே பதில்தான். "மனு எஸ்.ஆர்.ல இருக்கும்மா, நம்பர் ஆனதும் சொல்றேன்." எஸ்.ஆர். என்றால் மனுவைக் கொடுத்தும் வழக்கு எண் விழாமல் இருக்கும் நிலை. சில நாள் குமாஸ்தா எடுப்பார். கோர்ட்டில் ரிட்டர்ன் போட்டுவிட்டார்கள், திருத்தித் திரும்பப் போட்டாச்சு என்பார். நடுவில் அவள் அப்பா அந்த 4,000-ஐயும் நிறுத்திவிட்டார். வக்கீலிடம் சொன்னேன். "சேரட்டும்மா, மொத்தமா ஒரே அடியா வாங்கிடலாம்" என்றார்.

இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு மாதத் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போடாவிட்டால், அந்த மாதத்துக்கு 144-வது பிரிவின் கீழ் வாரண்ட் வாங்க முடியாது. சேரச் சேரப் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். சட்டம் படித்த ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது.

மகளுக்கு 18 முடிந்தது. அடுத்த முறை கேட்டபோது பதில் மாறியது: "மேஜர் ஆயிட்டா, இனி கேஸ் நிக்காதும்மா." வழக்குக் கட்டை, அதாவது எங்கள் காகிதங்களைக் கேட்டால், பாக்கி பீஸ் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் பெயரைப் போட்டு, வருஷத்தை மாற்றி மாற்றித் தேடினார். திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது. பழைய எம்.சி. (ஜீவனாம்ச) வழக்கு, பக்கத்தில் 'டிஸ்போஸ்ட்', அதாவது முடிந்துவிட்டது. ஒருவேளை நம்பர் ஆகாமல் கிடக்கிறதோ என்று பைலிங் செக்ஷனிலும் விசாரித்தேன். எங்கள் பெயரில் எந்த மனுவும் வரவில்லை என்றார்கள். போடாத மனுவுக்குத்தான் இத்தனை நாள் ரிட்டர்ன் கதை சொல்லியிருக்கிறார்கள்.

இழந்தது அந்த 25,000 மட்டும் இல்லை. ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு தரப்பும் வருமானம், சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான். மனுவே இல்லாதபோது எந்தத் தேதியைக் காட்டி நாங்கள் கேட்பது?

'மேஜர் ஆனால் கேஸ் நிக்காது' என்பதும் பாதி உண்மைதான். 144-வது பிரிவில் 18 வயதுக்கு மேல், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மட்டுமே கேட்க முடியும். ஆனால் இந்துக்களுக்கு 1956-ம் வருஷத்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் தனியாக இருக்கிறது. தன் வருமானத்தில் வாழ முடியாத, கல்யாணம் ஆகாத மகளை அப்பா காப்பாற்ற வேண்டும் என்கிறது அதன் 20-வது பிரிவு. 2020 செப்டம்பரில் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த உரிமையை ஒப்புக்கொண்டது. என்ன, அதற்குத் தனி மனு போட வேண்டும். 18 முடிந்துவிட்டால் மகளே மனுதாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். மகனுக்கு இந்தப் பிரிவு மைனராக இருக்கும்வரைதான். மகன் வைத்திருப்பவர்கள், சமரசம் பேசும்போதே கல்லூரிச் செலவை உத்தரவில் எழுதி வாங்கப் பாருங்கள்.

வக்கீல்மேல் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு அந்த வழி இல்லை. வக்கீல்கள் சட்டம் 35-வது பிரிவின் கீழ் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். ஜிபே விவரத்தையும், 'நம்பர் ஆகலைம்மா' என்று வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் பிரிண்ட் எடுத்து வைத்தேன். அவற்றை அழிக்காமல் வைத்திருந்தது இப்போது உதவுகிறது. பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லியிருக்கிறது. அதை எழுதி ஒரு கடிதம் அனுப்பிய பிறகுதான் கட்டு வந்தது. உள்ளே நான் கொடுத்த ஜெராக்ஸ்கள் மட்டும்தான் இருந்தன, டைப் அடித்த ஒரு தாள்கூட இல்லை.

இப்போது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் கிடைத்திருக்கிறார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாகத் தருகிறார்கள். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். என் மகள் தன் பெயரிலேயே 20-வது பிரிவில் மனு போட்டுவிட்டாள், நம்பரும் ஆகிவிட்டது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 எழுத்துள்ள சி.என்.ஆர். எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டு, வாய்தா தேதியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். உங்கள் வக்கீல் மனு போட்டாச்சு என்றால் அந்த எண்ணைக் கேளுங்கள். இன்னும் நம்பர் ஆகவில்லை என்றால், கோர்ட் முத்திரை விழுந்த மனு நகலையாவது காட்டச் சொல்லுங்கள்.