சோல்ட்ராக்ஸ்: பாடினவர் எங்கே போனார் என்று தேடுகிறவர்களுக்கு

சோல் இசை, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த, உருக்கமாகப் பாடும் இசை விஷயத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதோடு விடமாட்டேன். பாடினவர் இப்போது எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா, இன்னும் பாடுகிறாரா, பின்னால் அந்த பேஸ் கிட்டாரை வாசித்தது யார் என்று தோண்ட ஆரம்பித்துவிடுவேன், ராத்திரி போய்விடும். பாட்டு கேட்கிற ஆப் எதுவும் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. எனக்கு உதவியது சோல்ட்ராக்ஸ் என்கிற இணைய இதழ்.

2003இல் இதைத் தொடங்கியவர் கிறிஸ் ரிஸிக். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக்காரர், வக்கீலாக இருந்து அப்புறம் புதுக் கம்பெனிகளுக்கு முதலீடு திரட்டித் தரும் தொழிலுக்குப் போனவர். சோறு போடுவது அந்த வேலை, இது சின்ன வயதிலிருந்து கூடவே வந்த ஆசை. ஆசைக்காக எழுதுகிறவர்களிடம் ஒரு வசதி உண்டு: இந்த வாரம் யார் பிரபலம் என்று பார்த்து எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

மிச்சிகன் என்பதைச் சும்மா சொல்லவில்லை. பெர்ரி கார்டி 1959இல் குடும்பத்திடம் 800 டாலர் கடன் வாங்கி மோட்டவுன் என்கிற ரெக்கார்டு கம்பெனியை ஆரம்பித்த டெட்ராய்ட் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. மேற்கு கிராண்ட் பூல்வார்டில் ஒரு வீட்டுக்குள் ஸ்டுடியோ, அங்கிருந்து உலகம் முழுக்கப் போன பாட்டுகள். ஆனால் வாசித்தவர்களின் பெயர் ரெக்கார்டு உறையில் வராது! ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை ஆட்காட்டி விரலால் பேஸ் வாசித்தே அத்தனை பாட்டுகளைத் தூக்கி நிறுத்தியவர். அவருக்கும் கூட்டாளிகளுக்கும் உறையில் இடம் கிடைக்க 1971இல் பாடகர் மார்வின் கேயின் ஆல்பம் வரவேண்டியிருந்தது. அடுத்த வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டிவிட்டது, வாசித்தவர்கள் பலர் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் "அவரெல்லாம் என்ன ஆனார்?" என்று கேட்டு ஒரு இதழே நடத்துவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இந்தக் கேள்விக்கு எவ்வளவு பெரிய பதில் இருக்கும் என்பதற்கு பாடகி பெட்டி லாவெட்டின் கதை போதும். டெட்ராய்ட்டில் வளர்ந்தவர், 1962இல் பதினாறு வயதில் முதல் ரெக்கார்டிலேயே ஹிட். பத்து வருடம் கழித்து அலபாமா மாநிலத்தில் ரெக்கார்டிங்குக்குப் பேர்போன மஸில் ஷோல்ஸ் ஊரில் ஒரு முழு ஆல்பம் பாடி முடித்தார், கம்பெனி காரணம்கூடச் சொல்லாமல் அதைப் பரணில் போட்டது. 2000இல் பிரான்ஸில்தான் அது வெளியே வந்தது. ஏறக்குறைய அறுபது வயதில், 2005 ஆல்பத்துக்கு அப்புறம்தான் ஊர் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. சார்ல்ஸ் பிராட்லி இன்னும் தாமதம், முதல் ஆல்பம் 2011இல், அறுபதைத் தாண்டி. அதுவரை கிடைத்த வேலைகளும், பெரிய சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் போல வேஷம் கட்டிப் பாடுவதும்தான் பிழைப்பு! இப்படிப்பட்டவர்களை 'பழைய பாடகர்' என்று ஒதுக்கிவிட்டால் பாதி சோல் இசை கணக்கிலேயே வராது.

சோல்ட்ராக்ஸ் அப்படி ஒதுக்குவதில்லை, எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான். எழுபதுகளில் பாடினவரின் வாழ்க்கைக் குறிப்பும், கம்பெனி இல்லாமல் தானே பாட்டு வெளியிடுகிற இன்றைய பையனின் புதுப் பாட்டும் அடுத்தடுத்து வரும். மறந்துபோன நல்ல பாட்டுகளைத் தேடி எடுத்துப் போடுகிற பகுதி ஒன்று இருக்கிறது, அதில் நுழைந்தால் வெளியே வர நேரமாகும். ஆல்பம் விமர்சனங்கள் உண்டு, வருடா வருடம் வாசகர்கள் ஓட்டுப் போட்டு விருதும் கொடுக்கிறார்கள்.

குறை என்றால், விமர்சனங்களில் எனக்குக் கொஞ்சம் கனிவு கூடுதலாகத் தெரிகிறது. சுமாரான ஆல்பத்தை இன்னும் ரெண்டு தட்டு தட்டலாம். இதயத்தில் இடம் கொடுத்தவரைத் திட்டக் கை வராது போல, சரி, புரிகிறது. அறுபதுகளின் மெம்ஃபிஸ் நகரம், அங்கிருந்த ஸ்டாக்ஸ் ரெக்கார்டு கம்பெனி என்று ஆழமான வரலாறுதான் வேண்டும் என்றால் புத்தகங்களுக்குப் போவது நல்லது, இங்கே சாய்வு எழுபதுகளுக்குப் பிந்தைய, குரலை முன்னால் வைக்கிற சோல் பக்கம்.

புதிதாகப் போகிறவர்கள் விமர்சனத்தில் ஆரம்பிக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த, ரொம்ப நாளாகச் சத்தமே இல்லாத ஒரு பாடகரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பக்கத்தில் ஹெட்போன் இருக்கட்டும்.