பிக் டாடியா, செர்ரோ பிளாங்கோவா?

உலகத்திலேயே உயரமான மணல்மலையில் ஏறப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் நமீபியாவில் பிக் டாடி என்ற 325 மீட்டர் மேடு ஒன்றில் ஏறிவிட்டு வந்தவன் நான். அதற்காக வருத்தமில்லை.

உயரம்தான் முக்கியம் என்றால் பேச்சே வேண்டாம். அர்ஜென்டினாவின் கட்டமார்கா மாகாணத்தில், ஃபியாம்பாலா பக்கம் இருக்கும் ஃபெடரிகோ கிர்புஸ் என்ற மணல்குன்று அடியிலிருந்து சுமார் 1,230 மீட்டர். அடுத்தது பெருவில் நாஸ்கா ஊருக்கு எதிரே நிற்கும் செர்ரோ பிளாங்கோ. அடியிலிருந்து அல்லாமல் கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அதன் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். இரண்டுமே மலைச்சரிவில் காற்று கொண்டுவந்து அப்பிய மணல் என்பதால், மலையையும் சேர்த்து அளக்கலாமா என்ற வம்பு உண்டு. சீனாவின் பதாயின் ஜரான் பாலைவனத்தில் குன்றுகள் 460 மீட்டர் வரை எழுகின்றன, இடையிடையே நூற்றுக்கு மேல் ஏரிகள் வேறு. 2024இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. எங்கள் லீவுக்கு கிர்புஸும் இதுவும் ஒத்துவரவில்லை. மிஞ்சியவை செர்ரோ பிளாங்கோவும் நமீபியாவின் பிக் டாடியும்.

முடிவு செய்தது வெயில். மணலில் உயரத்தைவிட நேரம்தான் ஆளை அடிக்கிறது. ஓரடி வைத்தால் அரையடி பின்னால் சறுக்கும். அதில் மணலும் சுட ஆரம்பித்துவிட்டால் கதை முடிந்தது. செர்ரோ பிளாங்கோவில் விடிவதற்கு முன்பே கிளம்பி, வண்டி பாதி உயரத்துக்குக் கொண்டுபோய் விட்ட பிறகும் மூன்று மணி நேரம் போல நடை என்று போய்வந்த நண்பர் சொன்னார். நான் போனதில்லை, அவர் கணக்கைத்தான் நம்புகிறேன். பிக் டாடிக்கு எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. என் முழங்காலுக்கு அதுதான் அளவு.

ஆனால் நமீபியாவில் ஒரு சிக்கல் இருக்கிறது: பிக் டாடி இருக்கும் பூங்காவின் நுழைவாயிலான செஸ்ரீம் கேட். வெளியே தங்கினால் சூரியன் உதிக்கும்போதுதான் கேட் திறக்கும். அப்புறம் அறுபது கிலோமீட்டர் தார்ச்சாலை, அதில் வேகக் கட்டுப்பாடு. கடைசி ஐந்து கிலோமீட்டர் வெறும் மணல், ஃபோர் வீல் டிரைவ் இல்லாவிட்டால் அங்கே ஓடும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். முதல் நாள் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று வெளியே தங்கினோம். முகட்டில் கால் வைத்தபோதே முதுகு வேர்த்துவிட்டது, பாதியில் திரும்பினோம். அன்று மாலையே கேட்டுக்கு உள்ளே இருக்கும் கேம்ப்சைட்டுக்கு மாறினோம். உள்ளே தங்குபவர்களை உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே விடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கூடுதல் வாடகை. கொடுத்த காசு வீண் போகவில்லை.

இரண்டாம் நாள் முகட்டில் எங்களுக்கு முன் இரண்டே பேர். அவர்களுடைய கால் தடத்திலேயே பாதத்தைத் தட்டையாக வைத்து ஏறினால் பாதி பாரம் குறைகிறது. ஒரு பக்கம் வெயில் பட்டு ஆரஞ்சாகவும் மறுபக்கம் இன்னும் கருநீலமாகவும் இருந்தது. பல திசைக் காற்றும் மாறி மாறித் தள்ளுவதால் இந்த வகைக் குன்றுகள் நகராமல் மேல்நோக்கியே வளர்கின்றன என்பார்கள். உச்சியில் நின்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் வாயில் மணல்.

இறங்குவதுதான் விருந்து. நேரே கீழே டெட்ஃப்ளேய்: வெள்ளைக் களிமண் தரையில், பல நூறு வருடங்களுக்கு முன் ஆற்றுநீர் வராமல் காய்ந்துபோய், உலர்ந்த காற்றில் மக்காமலும் நிற்கும் கருத்த மரங்கள். ஏற ஒன்றேகால் மணி நேரம் ஆன சரிவில் பத்து நிமிடத்தில் ஓடி இறங்கினோம். கீழே உட்கார்ந்து ஷூவைக் கவிழ்த்தால், ஒரு டம்ளர் சிவப்பு மணல்.

பலகையில் சறுக்க ஆசை, முழங்காலும் நன்றாக இருக்கிறது என்றால் நாஸ்காவுக்கே போங்கள். அவ்வளவு நீளச் சரிவு பிக் டாடியில் கிடையாது. நமீபியா என்றால் கேட்டுக்கு உள்ளே இடம் கிடைத்த பிறகு விமான டிக்கெட் போடுங்கள்.