மூடியின் மேல் புதுத் தேதி, மூடிக்குள் பழைய டைமிங் பெல்ட்: காரைக்குடிப் பக்கம் பழைய கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

நேற்று மாலை வரை பொறுத்துப் பார்த்தேன். இனியும் பேசாமல் இருந்தால் அதே பட்டறையில் அடுத்தவர் ஏமாறுவார் என்பதால் இதை எழுதுகிறேன். ஒரு டைமிங் பெல்ட்டின் பெயரால் என் கையை விட்டுப் போனது ரூ. 52,000. எஞ்சினில் பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் தாளம் தப்பாமல் சேர்த்துச் சுழற்றும் பல் வைத்த பட்டைதான் டைமிங் பெல்ட்.

எங்கள் வண்டி 2006 மாடல் சான்ட்ரோ, அப்பச்சி வாங்கியது. பள்ளத்தூரில் எங்கள் வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிவது; பின்கட்டை ஒட்டிய கொட்டகையில்தான் வண்டி பெரும்பாலான நாட்கள் நிற்கும். கல்யாணம், கோயில், ஆத்தாவுக்கு மருத்துவமனை என்று எடுத்தால் உண்டு. இத்தனை ஆண்டுகளில் 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இந்தப் பக்கத்து வீடுகளில் பல கார்களின் நிலை இதுதான், மீட்டரைப் பார்த்து நாம் ஏமாறுவதும் இதனால்தான். டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. வண்டி ஓடினாலும் நின்றாலும் அதற்கு வயது ஏறும், இறுகும், வெடிக்கும். பெரும்பாலான பழைய கார்களுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கெடு. எங்கள் வண்டிக்குக் கடைசியாக மாற்றியது 2014-இல் என்று அப்பச்சி வைத்திருந்த பில் சொல்லியது. அதைப் பார்த்த மறுநாளே நான் பட்டறைக்குப் போனேன். அலட்சியமாக இருந்து இழந்திருந்தால் என் தலைவிதி என்று விட்டிருப்பேன். மாற்றப் போய் இழந்ததுதான் வயிற்றெரிச்சல்.

அது காரைக்குடியில் எல்லாக் கம்பெனிக் கார்களையும் பார்க்கும் பெரிய பட்டறைகளுள் ஒன்று. கண்ணாடி அறை, ஏசி, கணினி எல்லாம் உண்டு. சென்ற ஐப்பசியில் போனேன். தையில் வீட்டில் கல்யாணம், அதற்குள் வண்டி சரியாக வேண்டும். மேலாளர் எனக்குத் தேநீர் வரவழைத்து, உறை பிரிக்காத பெல்ட் பெட்டியை என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். "அண்ணே, பெல்ட், டென்ஷனர், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாத்தையும் மாத்திடுறோம். இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீங்க இதை நினைக்கவே வேண்டாம்" என்றார். டென்ஷனர் என்பது பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது, சீல்கள் அந்தத் தண்டுகளின் ஓரத்தில் ஆயில் கசியாமல் தடுப்பவை. மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது பானெட்டைத் திறந்து, பெல்ட்டின் மேல்மூடியில் வெள்ளை மையால் அன்றைய தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருந்ததைக் காட்டினார். அந்த எழுத்தைப் பார்த்தவுடன் என் மனம் நிறைந்துவிட்டது. கழற்றிய பழைய பெல்ட் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. ரூ. 13,600 கொடுத்தேன்.

ஏழு மாதம் கழித்து, சென்ற வாரம், ஆத்தாவை மதுரைக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, திருப்பத்தூரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் எஞ்சின் சட்டென்று நின்றது. முன்கூட்டி ஒரு சத்தம்கூட இல்லை. சாவியைத் திருப்பினால், பாரமே இல்லாதது போல் விர்ரென்று சுற்றியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. வைகாசி வெயிலில் எழுபத்தாறு வயது ஆத்தா சாலையோரப் புளியமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ரெக்கவரி வண்டிக்கு ரூ. 3,500.

திருப்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையின் வயதான மெக்கானிக், தேதி எழுதிய அந்த மூடியை என் கண்முன்னே கழற்றினார். உள்ளே இருந்தது பழைய பெல்ட். முதுகில் இருந்த அச்செழுத்து பாதி அழிந்திருந்தது. வளைத்துப் பார்த்தால் குறுக்கே கோடு கோடாக வெடிப்பு. விளிம்பில் நூல் பிரிந்து தொங்கியது. கேம் சீலிலிருந்து கசிந்த ஆயில் ஊறிய இடத்தில் ஏழெட்டுப் பற்கள் வரிசையாக உதிர்ந்து மொழுமொழுவென்று இருந்தது. சீலும் பழையதுதான், டென்ஷனரும் பழையதுதான். கேம் நின்றுபோய் கிராங்க் மட்டும் சுற்றியதால், திறந்தபடி நின்ற வால்வுகளைப் பிஸ்டன்கள் மோதியிருக்கின்றன. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றியபோது பன்னிரண்டு வால்வுகளில் எட்டு வளைந்திருந்தன. அந்த வேலைக்கு ரூ. 34,900. மூன்றையும் கூட்டினால் ரூ. 52,000.

இனி அந்தப் பெரிய பட்டறையின் பதில்கள். முதல் நாள், முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டாம் நாள், எங்கள் கேரண்டி ஆறு மாதம், உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது என்றார்கள். மாற்றாத பொருளுக்குக் கேரண்டிக் கணக்கு எதற்கு என்று கேட்டபோது போனை வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பெல்ட்டைப் பையில் போட்டு நேரில் எடுத்துச் சென்றேன். எனக்குத் தேநீர் கொடுத்த அதே மேலாளர், பெல்ட்டைத் தொட்டும் பாராமல், "வேற யாராவது கழட்டிப் பழசை மாட்டியிருப்பாங்க" என்றார். அந்த ஏழு மாதத்தில் வேறெவரும் அந்த மூடியைத் தொட்டதில்லை. பில்லை நீட்டினேன். அதில் "எஞ்சின் வேலை, உதிரிபாகம் உட்பட" என்று ஒரே வரி. பெல்ட் என்ற சொல்லே இல்லை, பார்ட் நம்பரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. அன்று ரூ. 13,600-ஐ எண்ணிக் கொடுத்த நான் அதைப் படித்துப் பார்க்கவில்லை. நேற்று மீண்டும் நேரில் போனபோது, கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் கையேட்டைப் பாருங்கள். பெல்ட் என்றால் கிலோமீட்டரோடு ஆண்டையும் எண்ணுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள், பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பெல்ட், டென்ஷனர், சீல் எல்லாவற்றையும் கையோடு வாங்கி வாருங்கள். சில கார்களில் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றும், அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஓடும்போது எஞ்சின் நின்று, சாவி திருப்பினால் லேசாக விர்ரென்று சுற்றினால், மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை அந்தப் பெல்ட்டையும் தேதி எழுதிய மூடியையும் எடுத்துக்கொண்டு சிவகங்கைக்குப் போகிறேன். கடந்த ஓராண்டில் காரைக்குடியில் பெல்ட் மாற்றி, பழையதைக் கையில் வாங்காமல் வந்தவர்கள், தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் இந்த வாரமே மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.