மியூஸ்ஸ்கோரில் கீயும் தொடக்க ஸ்வரமும்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில், நான்கு குரல் பாட்டுத் தாளின் மேல் கீயை (பாட்டின் ஆதாரச் சுருதி) "கீ: ஜி" என்று எழுதுவது பத்து வினாடி வேலை. பாட்டை எஃப்-க்கு இறக்கும் நாளில்தான் தலைவலி. டூல்ஸ் மெனுவில் டிரான்ஸ்போஸ் கொடுத்தால் ஸ்வரங்கள் இறங்கும், கீ சிக்னேச்சர் மாறும். கன்ட்ரோல்+டி (T) அழுத்தி எழுதிய ஸ்டாஃப் டெக்ஸ்ட் (ஐந்து கோட்டு ஸ்டாஃபில் ஒட்டும் எழுத்து) மட்டும் "ஜி" என்றே நிற்கும். மென்பொருளுக்கு அது வெறும் எழுத்து. பார்க்காமல் அச்சடித்தால், குழுவுக்குச் சுருதி கொடுப்பவர் ஜி-யை அழுத்துவார். தாளில் இருப்பதோ எஃப்.

இதற்கு உருப்படியான வழி, "கீ:" என்ற சொல்லை மட்டும் ஸ்டாஃப் டெக்ஸ்ட்டாக வைத்து, எழுத்தைக் கார்டு சிம்பலாக (ஸ்வரக்கூட்டின் பெயரைக் காட்டும் குறி) போடுவது. முதல் ஸ்வரத்தைத் தேர்ந்து, கன்ட்ரோல்+கே அழுத்தி, ஜி என்று தட்டினால் போதும். டிரான்ஸ்போஸ் பெட்டியில் கார்டு சிம்பலுக்கான டிக் இருக்கும்வரை ஜி தானே எஃப் ஆகிவிடும். இரண்டும் ஒரே ஸ்வரத்தில் ஒட்டியிருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். "கீ:"-யைச் சற்று இடப்பக்கம் இழுத்துவிடவும்.

ஒவ்வொரு குரலும் பாடத் தொடங்கும் ஸ்வரங்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. தமிழகத் தேவாலயப் பாடகர் குழுக்கள் பழகிய டானிக் சோல்ஃபாவிலேயே (கீயின் முதல் ஸ்வரத்தை டோ என்று வைத்து டோ, ரே, மி என எழுதும் முறை) எழுதிவிடலாம். ஜி மேஜரில் சொப்ரானோ பி, ஆல்ட்டோ ஜி, டெனர் டி, பேஸ் ஜி என்றால் அது மி, டோ, சோ, டோ. எஃப்-க்கு இறக்கினால் ஏ, எஃப், சி, எஃப். சோல்ஃபாவில் அதே மி, டோ, சோ, டோ. மாற வேண்டியது கீ எழுத்து ஒன்றுதான், அதையும் மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. பேஸ் மூன்றாம் பாரில்தான் (தாளப் பிரிவு) நுழைகிறது என்றாலும் குறிப்பை முதல் பாரின் ரெஸ்ட்டிலேயே (மௌனக் குறி) ஒட்டுங்கள். சுருதி பிடிப்பது அங்கேதானே.

தொடக்கக் குறிப்புகளுக்கென்று டெக்ஸ்ட் ஸ்டைலில் ‘யூசர்’ வகை ஒன்றை ஒதுக்கி அளவை அங்கேயே மாற்றி, ஸ்டைல் கோப்பாகச் சேமித்துவைத்தால் அடுத்த பாட்டில் ஏற்றிக்கொள்ளலாம். இயல்பாக வரும் எட்வின் எழுத்துருவில் தமிழ் கிடையாது. ஒரு தமிழ் எழுத்துருவையும் அப்போதே தேர்ந்துவிடுங்கள்.

நோட்ஹெட்டுக்குள்ளேயே (ஸ்வரக் குறியின் வட்டத் தலை) டோ, ரே காட்டும் வசதியும் உண்டு. திரையில் அழகு. இயல்பான 1.75 மி.மீ. ஸ்டாஃப் இடைவெளியில், ஏ4 தாளில், மங்கிய விளக்கில் நிற்கும் டெனருக்கு அது உதவாது.

கார்டு சிம்பல் வழியில் இரண்டு இடைஞ்சல்கள். ஒன்று, அது ஒட்டிய ஸ்டாஃபோடுதான் போகும். ஆல்ட்டோவுக்குத் தனிப் பார்ட் (அந்தக் குரலின் வரி மட்டும் உள்ள தாள்) பிரித்தால் கீ எழுத்து அதில் இருக்காது. சிஸ்டம் டெக்ஸ்ட் எல்லாப் பார்ட்டிலும் வரும், ஆனால் அது டிரான்ஸ்போஸ் ஆகாது. எல்லோரும் ஒரே முழுத் தாளைப் பார்க்கும் குழுவென்றால் கவலையில்லை. இன்னொன்று, பிளே அழுத்தினால் அந்த ஒற்றை ஜி கார்டாக ஒலித்துப் பாட்டின்மேல் நீண்டுகொண்டே போகும். ப்ராப்பர்ட்டீஸில் அதன் பிளே டிக்கை எடுங்கள், அல்லது மிக்சரில் கார்டு சிம்பல் வரிசையை மியூட் செய்யுங்கள்.