சாம்பல் மெருகுக் கோப்பை என்று 18,500 ரூபாவை விழுங்கிவிட்டார்கள், கவனம்

18,500 ரூபா. பெயின்ட் அடித்த ஆறு மண் கோப்பைக்கும் ஆறு தட்டுக்கும் நான் கொடுத்த காசு அது. கையால் செய்த ஸ்டோன்வேர், அதாவது கடும் சூட்டில் சுட்டு இறுக்கிய மண் பாத்திரம், விற்கிறோம் என்று படம் போடும் ஒரு இணையப் பக்கத்தில், கிளிநொச்சியில் தங்கச்சியின் குடிபூரலுக்கு என்று வாங்கினேன். இன்னொருவர் ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

நம்ப வைத்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். ஒரு வீடியோ அனுப்பினார்கள். தடிப்பாக வனைந்த ஈரக் கோப்பையின் பக்கங்களைக் கம்பியால் பட்டை பட்டையாகச் சீவுகிறார்கள். பிறகு சுட்டு எடுத்த கோப்பைகளின் படங்கள்: பட்டை விளிம்புகளில் சாம்பல் மெருகு (விறகுச் சாம்பல் கலந்து பூசி, சூளையில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சு) மெலிந்து மண்ணிறம், கீழே வழிந்து தேங்கிய இடத்தில் பச்சை. அழகுதான், இப்போதும் சொல்வேன். விலை கூடவாக இருக்கிறதே என்று இழுத்தேன். அப்போதுதான் போனில் அந்தப் பெடியன், "அண்ணை, இது வன்னிப் பாலை விறகின்ர சாம்பல். உங்கட ஊர்ச் சாம்பல்தான் உருகிக் கண்ணாடியா நிக்குது" என்றான். பாலையும் வீரையும் எரியும் அடுப்படியில் வளர்ந்தவன் நான். அன்றைக்கே முழுக் காசையும் வங்கியில் போட்டேன்.

வந்த பார்சலில் எல்லாக் கோப்பையும் ஒரே அச்சு. இரண்டு பக்கமும் அச்சுக் கோடு வேறு. கம்பியால் சீவியது எப்படி மயிரிழை பிசகாமல் ஒத்திருக்கும்? கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊற்றினதும் பெயின்ட் மணம். நகத்தால் சுரண்ட, மெருகு என்று சொன்னது தோலாக உரிந்தது. கொஞ்ச நேரத்தில் அடி ஈரமாகி மேசையில் வட்டம். தண்ணிப் பானை வியர்த்தால் நல்லது, தண்ணி குளிரும். தேத்தண்ணிக் கோப்பை வியர்க்க 18,500 ரூபாவா? சாம்பல் மெருகு உருக 1,200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மண்ணே இறுகிவிடும், தண்ணீர் கசியாது. இது அப்படியொரு சூளையைக் கண்டதே இல்லை.

கேட்டால், முதலில் "கைவேலை எண்டால் அப்பிடித்தான்". அப்புறம் "பாவிக்கப் பாவிக்கச் சரியாகும்". அதுக்கும் பிறகு "குரியர்காரரைக் கேளுங்கோ". பெயின்ட் உரிந்ததுக்குக் குரியர்காரன் என்ன செய்வான்? கடைசியில் "மனேஜர் எடுப்பார்" என்றார்கள். எந்த மனேஜரும் எடுக்கவில்லை, என் நம்பரைத்தான் புளொக் பண்ணினார்கள். தங்கச்சி வேறு, "பரவாயில்லை அண்ணா, பூக்கண்டு வைப்பம்" என்கிறாள். 18,500 ரூபாவுக்குப் பூச்சாடி!

சரி, பார்க்க வேண்டியவை. மெருகு பூசாத அடிப்பாகத்தின் படத்தைக் கேளுங்கள். எத்தனை பாகையில் சுட்டது என்று கேளுங்கள், மழுப்பினால் விடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பொருள் கைக்கு வந்த பிறகுதான் காசு. இன்னும் இருக்கு, வங்கி பூட்ட முதல் போய்வர வேண்டும், வந்து எழுதுகிறேன்.