திருநெல்வேலிச் சந்தையடியில் வாங்கிய வேப்பம்பூ வடகம்

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் வேப்பம்பூ வடகம் 200 கிராம் வாங்கினேன். நான் வாங்கிய கடை வடகங்களில் வீட்டுச் சுவைக்குக் கிட்ட வந்தது இதுதான். ஒன்றை உடைத்துப் பார்த்தேன், காம்பில்லாத பூ நிறைய, இடையில் உழுந்தும் செத்தல் மிளகாய் விதையும் பெருஞ்சீரகமும் தெரிந்தன. சில இடங்களில் உழுந்தைக் கூட்டிப் பூவைக் குறைத்துவிடுவார்கள், அதைப் பொரித்தால் காய்ந்த வடை மாதிரித்தான் இருக்கும், கைப்பே வராது. இதில் முதலில் உறைப்பு, அப்புறம் மெல்ல அந்தக் கைப்பு, சோறும் பருப்பும் அதற்குமேல் இன்னொரு பிடி கேட்கும்.

ஐரோப்பாவில் வயோலாப் பூவுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் பூசிக் காயவைத்துக் கேக்கில் வைப்பார்கள், பார்க்க அழகு. எங்கள் அம்மம்மா சித்திரை வெயிலில் வேப்பமரத்தடியில் பழைய சேலை விரித்து, உதிர்கிற பூவைச் சேர்ப்பார். பூவைச் சாப்பிடுவது என்றால் எனக்கு அதுதான்.

குறையும் உண்டு. உப்பு கொஞ்சம் கூட. நாலைந்து உருண்டை நடுவில் ஈரமாக இருந்தன, அப்படியே போத்தலில் அடைத்திருந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கும், ஒரு நாள் முழுக்க முற்றத்து வெயிலில் போட்ட பிறகுதான் சரி வந்தது. வாங்குகிறவர்கள் ஒன்றை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். பொரிக்கும்போது நெருப்பைக் குறைத்து வையுங்கள், பூ சட்டென்று கருகிவிடும்.